கேப்டன் காட்டிய குறுக்கு வழி

என் அண்ணனை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கப்பல் எதையும் ஓட்டியவன் இல்லை. கார் ஓட்டக் கற்றவர்களுக்குப் பரீட்சை வைத்து லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, "இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்லியே வாழ்நாளைக் கழித்தவன். ஓய்வு பெற்றதும் திரும்பச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. வீட்டில் அண்ணியை மட்டும் எவ்வளவுதான் திருப்புவது. அதனால் ஒரு நடைக்குழு ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்து ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போவோம். வயல் ஓரமும் தோப்பு ஓரமுமாக ஒற்றையடிப் பாதையில் ஊரைச் சுற்றி நடந்துவிட்டு, வேன் நிற்கிற இடத்துக்கே மத்தியானத்துக்கு மேல் திரும்புவோம். அண்ணன் தலையில் தொப்பி, கழுத்தில் விசில். ஒருமுறை ஊதினால் நிற்க வேண்டும், இரண்டுமுறை ஊதினால் நடக்க வேண்டும். எங்களோடு ஒரு பல் டாக்டர் வருவார். ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவர், அந்த விசிலுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

அண்ணன் போட்ட விதிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் எல்லோரும் போனை ஒரு பையில் போட்டு வேனில் வைத்துவிட வேண்டும். "இயற்கையைப் பார்க்க வந்துட்டு என்ன போன்" என்பான். அவனுடைய போன் மட்டும் அவன் சட்டைப் பையில் இருக்கும். கேட்டால், அவசரத்துக்கு. இன்னொன்று, யாரும் தனியாகப் பின்தங்கக் கூடாது. கடைசியில் ஒருவர் கண்டிப்பாக வர வேண்டும். அவருக்கு வால் என்று பெயர். எங்கள் வால், பல் டாக்டர்.

என் கணவருக்காகத்தான் அந்த வால் வேலை. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து, பிழைத்தார். இடது கால் தரையை இழுத்துக்கொண்டுதான் வரும். பேச்சும் அப்படித்தான். என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும், ஆனால் சொற்கள் தொண்டையில் வரிசை கட்டி நின்று ஒவ்வொன்றாகத்தான் வெளியே வரும். பஸ்ஸில் பிள்ளைகளோடு பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டிய மனுஷன். வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர் நிறைய நடக்கச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு முன்னால் எழுந்து, ஒரு கையாலேயே ஷூவைத் துடைத்து வைத்திருப்பார். நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் நிற்கிற எனக்கும் அந்த ஒரு நாள் காற்று வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு, முந்தின வாரம் பெய்த மழையில் பாதையெல்லாம் சொதசொதவென்று இருந்தது. நான் அண்ணியோடு முன்னால் நடந்தேன். அண்ணி அதிகம் பேசமாட்டாள். பேசவேண்டியதை எல்லாம் அண்ணனே அவளுக்கும் சேர்த்துப் பேசிவிடுவான். எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், அவர்களுக்கும் பின்னால் டாக்டரும் என் வீட்டுக்காரரும். அண்ணன் வரிசையின் முன்னும் பின்னுமாகப் போய்வந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பங்களில் திரும்பிப் பார்ப்பேன். அவர் கையை உயர்த்துவார். பிறகு மேடு வந்தது, புதர்கள் மறைத்துக்கொண்டன. வால் இருக்கிறாரே என்று நானும் நடந்துவிட்டேன்.

மேட்டின் உச்சியில் பெரிய மரங்களுக்குக் கீழே சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். டப்பாவைத் திறந்து அவருக்கு அவித்த முட்டையை உரித்து வைத்தேன். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். டாக்டரும் வந்தார். தனியாக வந்தார்.

"அவர் எங்க?" என்றேன்.

"கேப்டன் பார்த்துக்கறேன்னு சொன்னாரே. என்னை முன்னாடி போகச் சொன்னார்."

அடுத்து அண்ணன் வந்தான். அவனும் தனியாகத்தான் வந்தான்.

"மாப்பிள்ளையை வேனுக்கு அனுப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். "கீழ தண்ணித் தொட்டிகிட்ட ஒரு குறுக்கு வழி இருக்கு. வயல் ஓரமாப் போனா நேரா வேன்தான். இந்நேரம் சீட்டுல சாஞ்சு தூங்கிட்டு இருப்பார்."

"தனியாவா?"

"நேர் வழிம்மா. குழந்தைகூடப் போகும்."

"எப்ப அனுப்பின?"

"அது ஆச்சு, ஒரு மணி நேரம்."

எனக்குக் காதில் சூடு ஏறியது. "ஒரு மணி நேரமா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் அவர் பின்னாடியே போயிருப்ப. நீயாவது நிம்மதியா நடக்கட்டும்னு நினைச்சேன். உனக்கு நல்லது பண்ணா உனக்கே பிடிக்காது."

"வேன் டிரைவருக்குப் போன் போடு."

சலித்துக்கொண்டே போட்டான். டிரைவர் எடுத்தார். அண்ணன் கேட்டான், கேட்டதும் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். யாரும் வரவில்லை என்று டிரைவர் சொன்னது எனக்கே கேட்டது.

"மெதுவா நடக்கறவர்தானே. வந்துடுவார். எல்லாரும் சாப்பிடுங்க, சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்" என்றான்.

நான் எழுந்துவிட்டேன். டப்பாவை மூடக்கூட இல்லை. இறக்கத்தில் கால் வைக்கும்போது பின்னால் டப்பா மூடும் சத்தம் கேட்டது. அண்ணி. கையைப் புடவையில் துடைத்தபடி என்னோடு வந்துவிட்டாள்.

அண்ணன் விசில் ஊதினான். ஒருமுறை. நிற்கச் சொல்லி.

நாங்கள் நிற்கவில்லை. அவன் மறுபடியும் ஊதினான், இந்த முறை நீளமாக. அண்ணி அந்தப் பக்கம் திரும்பாமலே, "ஊதட்டும்" என்றாள். அவள் குரலில் அப்படி ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஓடிவந்து சேர்ந்துகொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. வாலாக வந்தவர் தலை சொன்னதும் கழன்றுகொண்டது எனக்கு அப்போது ஆறவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாதை பிரிந்தது. குறுக்கு வழி கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒரு கம்பி வேலி. புதுக் கம்பங்கள், முள் கம்பி, குறுக்கே ஒரு பலகை: வழி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பாதை இருந்த சுவடே இல்லை. உழுது போட்டிருந்தார்கள்.

சேற்றில் அவருடைய கால் தடம் தெரிந்தது. ஒரு ஷூ முழுசாகப் பதிந்திருந்தது, பக்கத்தில் ஒரு கோடு. ஒரு ஷூ, ஒரு கோடு. அது வேலி வரைக்கும் வந்து, அங்கே நின்று குழம்பி, வேலி ஓரமாகவே இடப்பக்கம் போயிருந்தது. திரும்பி மேடேற அவரால் முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்கும். வேலி எங்கேயாவது முடியும் என்று நம்பிப் போயிருக்கிறார். வேலி முடிந்த இடத்தில் வாய்க்கால் இருந்தது.

கரையில் மண் சரிந்திருந்தது. அவர் கீழே, முழங்கால் வரை தண்ணீரில், கரையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்துவிட்டது. வலது கால் பார்க்கவே ஒரு மாதிரியாகத் திரும்பியிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து, ரொம்ப நேரம் கழித்து, "சா... சாப்பிட்டியா?" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். டாக்டரும் இறங்கினார். அண்ணி மேலே மண்டியிட்டு அவர் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாள். கரையேற்றிப் படுக்க வைத்து, டாக்டர் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தினார்.

அப்போதுதான் வயலுக்கு நடுவிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு தடி. தூரத்திலிருந்தே, "இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு போட்டிருக்குல்ல. படிக்கத் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டு வந்தவள், கீழே கிடந்தவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

என் கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்தது. "மனுஷங்க நடக்கற பாதையில முள் கம்பி கட்டுவீங்களா நீங்க" என்றேன்.

அவளும் விடவில்லை. "உங்களை மாதிரி நடக்க வர்றவங்க கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போய், என் கன்னுக்குட்டி ரோட்டுல லாரியில அடிபட்டுச்சு. பஞ்சாயத்துல எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கித்தான் அடைச்சேன். சுத்தி ரோட்டு வழி இருக்கு. தொப்பி போட்டு, விசில் மாட்டிக்கிட்டு ஒருத்தர் வழி பார்க்கத் தனியா வந்தாரே, அவர்கிட்ட இதே இடத்துல நின்னு, அடைக்கப் போறேன்னு சொன்னேன். எனக்கே சட்டம் பேசிட்டுப் போனார். உங்ககிட்ட சொல்லலையா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

அண்ணி மெதுவாகச் சொன்னாள். "வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இவங்களைத் திட்டினார். எனக்கு வழி காட்ட இவ யாருன்னு. இந்த இடம்தான்னு எனக்குத் தெரியாதும்மா."

திட்டிக்கொண்டே அந்த அம்மாள் டிராக்டரை எடுத்துவந்தாள். பின்னால் டிரெய்லரில் வைக்கோலையும் சாக்கையும் பரப்பினாள். நால்வருமாகத் தூக்கி அவரை ஏற்றினோம். வழி முழுக்க அவள் எங்களைத் திட்டுவதை நிறுத்தவில்லை, பள்ளம் வந்தால் வேகத்தைக் குறைக்கவும் தவறவில்லை.

நாங்கள் வேனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். அண்ணன் வேன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். டிரெய்லரைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் வெளுத்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் டிராக்டரில் இருந்தவளைப் பார்த்ததும் அந்த வெளுப்பெல்லாம் போய்விட்டது.

"பார்த்தீங்களா" என்று மற்றவர்களிடம் திரும்பினான். "பொது வழியை அடைச்சா இதுதான் நடக்கும். காலங்காலமா ஜனங்க நடந்த பாதை. நாம நடக்க நடக்கத்தான் அது பாதையா இருக்கும். நடக்கறதை விட்டோம்னா போச்சு. யாராவது ஒருத்தர் நடந்துகிட்டேதான் இருக்கணும்."

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"அங்க வேலி இருக்குன்னு. தெரிஞ்சுதான் அனுப்பின."

"அவ சும்மா மிரட்டறான்னு நினைச்சேன். கட்டியே முடிச்சிருப்பான்னு யாருக்குத் தெரியும்? அப்படியே இருந்தாலும், மாப்பிள்ளை உடம்பு இருக்கற நிலைமைக்கு, கேட்டா திறந்து விட்டிருப்பாங்க. மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் நான் அவன் முன்னால் போய் நின்றேன். "உரிமைக்காக நடக்கணும்னா உன் காலால நட. இழுத்து இழுத்து நடக்கற மனுஷனை ஏன் அனுப்பின? கேட்டாத் திறப்பாங்களாம். அவரால கேட்க முடியுமா? முழுசா ஒரு வார்த்தை வர எவ்வளவு நேரம் ஆகும்னு உனக்குத் தெரியாதா? கையில போன்கூட இல்லாம பிடுங்கி வெச்சுக்கிட்டு, நல்லது பண்ணேன்னு வேற சொல்ற."

"எல்லார் முன்னாடியும் கத்தாத."

"எல்லார் முன்னாடியும்தான் கத்துவேன். இவங்கல்லாம் உன் பின்னாடி நடக்கறவங்கதானே. தெரிஞ்சுக்கட்டும்."

ஒருவர் ஷூவில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுரண்டல் சத்தம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தான். டிரைவருக்கு அந்த வழி தெரியும்.

கணுக்காலில் எலும்பு முறிவு. அதுவும் நல்ல காலில். மாவுக்கட்டுப் போட்டு, ஊன்றக் கூடாது என்று அனுப்பினார்கள். ஒரு கால் கேட்காது, ஒரு காலை ஊன்றக் கூடாது. ஒரு வருஷமாக அடியடியாகச் சேர்த்த நடை மொத்தமும் போய், மறுபடியும் கட்டிலில் தொடங்கினோம்.

வீட்டில் தனியாக விட முடியாததால் அவரைக் கடைக்கே கூட்டிவந்தேன். உள் அறையில், துவைக்க வந்த துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு, மடித்த போர்வைகளின் மேல் காலைத் தூக்கி வைத்தேன். நீராவியும் சோப்பு வாசனையும் சூழ உட்கார்ந்து ஹேங்கர்களை ஒரு கையால் நேராக்கிக் கொடுப்பார். நான் இஸ்திரி போடுவேன். அந்த நாட்களில் என் இஸ்திரி மடிப்பில் விரல் வைத்தால் கீறும் என்று வாடிக்கைக்காரர்கள் சொன்னார்கள். அவ்வளவு அழுத்தியிருக்கிறேன்.

குழுவின் வாட்ஸ்அப்பில் அண்ணன் எழுதியிருந்ததைப் பல் டாக்டர்தான் எனக்குக் காட்டினார். அவர் கடைக்கு வந்து, அன்றைக்கு விட்டுவிட்டுப் போனது தன் தப்பு என்று நேராகச் சொன்னார். சாக்குப் போக்கு சொல்லவில்லை. அதனால் அவரோடு பேசினேன். அண்ணன் எழுதியிருந்தது இது: சட்ட விரோத வேலியால் நம் குழுவின் மூத்த உறுப்பினர் படுகாயம். கேப்டன் தலைமையில் உடனடி மீட்பு. வழியைத் திறக்கக் கோரிக் கையெழுத்து இயக்கம்.

தலைமையில். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அன்று எத்தனை சட்டைகளைத் தேய்த்தேன் என்று தெரியாது.

அந்த வாரமே அவன் கடைக்கு வந்தான். அண்ணியும் கூட வந்தாள், பழப் பையோடு. அண்ணன் நேராக உள் அறைக்குப் போய், "மாப்பிள்ளை, எப்படி இருக்கீங்க" என்றான். பதில் வருவதற்குள் போனை எடுத்துவிட்டான். "காலைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. மாவுக்கட்டு நல்லாத் தெரியணும். கலெக்டர் ஆபீசுக்கு மனுவோட வெச்சுக் கொடுக்கப் போறேன். முகத்தைக் கொஞ்சம் சோகமா வெச்சுக்கிட்டா..."

இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா. காலைத் திருப்பினார். ஒரு கையால் போர்வையை நகர்த்தி, நன்றாகத் தெரியும்படி வைத்தார். யார் எது கேட்டாலும் கொடுத்துவிடுகிற குணம். எனக்கு இஸ்திரிப் பெட்டியை இரண்டு பேர் தலையிலும் வைக்கலாம் போல இருந்தது.

"போனைக் கீழ போடு" என்று உள்ளே போனேன்.

"நான் இவருக்காகத்தான் போராடறேன். உனக்கு என்ன வந்தது? இவரே ஒண்ணும் சொல்லல. என்ன மாப்பிள்ளை?"

"மச்சான்" என்றார் அவர். "நா... நான்..."

"நீங்க எழுதிக் கொடுக்கறேன்னு சொல்றீங்க, அவ்வளவுதானே? எழுதவே வேண்டாம், நானே..."

"இரு" என்றேன். "அவர் பேசறார். முடிக்கட்டும்."

"இல்ல, அவருக்கு சிரமமா..."

"முடிக்கட்டும்ங்க" என்றாள் அண்ணி. கதவருகிலேயே நின்றிருந்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நீளமான சொல்லைத் தேடும்போது அப்படித்தான் மூடுவார். நாங்கள் காத்திருந்தோம். அண்ணன் போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"வேலி... பார்த்துட்டு... கூப்பிட்டேன்" என்றார். "நீங்க... மேட்டுல... இருந்தீங்க. தி... திரும்பிப் பார்த்தீங்க. கை... காட்டினீங்க. போ... போன்னு. போயிட்டீங்க."

அண்ணன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவனுக்குச் சொல் வரவில்லை.

அண்ணி பழப் பையை மேஜைமேல் வைத்தாள். "கூப்பிட்டது காதுல விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

"தூரம்... டாட்டா காட்டறார்னு நினைச்சேன்."

"காதுல விழுந்துச்சான்னு கேட்டேன்."

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, துணிகள் தொங்கும் கம்பிகளுக்குக் கீழே குனிந்து வெளியே போனான். பிளாஸ்டிக் உறைகள் சரசரத்தன. அண்ணி போகவில்லை. சாயங்காலம் வரை என்னோடு இருந்து போர்வைகளை மடித்துக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போனாள்.

மன்னிப்பு அவனிடமிருந்து வரவில்லை. மனு மட்டும் படம் இல்லாமலே போனது என்று டாக்டர் சொன்னார். வேலி அப்படியே இருக்கிறது. குழுவில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள், மீதிப் பேரோடு அவன் இன்னும் ஞாயிற்றுக்கிழமை போகிறான். அண்ணி போவதில்லை. முழங்கால் வலி என்று சொல்கிறாளாம். அவளுக்கு முழங்காலில் ஒரு வலியும் கிடையாது, எனக்குத் தெரியும்.

மாவுக்கட்டைப் பிரித்தபின், சாயங்காலங்களில் கடையைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் தெருவில் நடக்கிறோம். முதலில் பக்கத்து மருந்துக் கடை வரை. இப்போது பஸ் நிறுத்தம் வரை. இடையில் அவர் மூச்சு வாங்க நிற்பார், நானும் நிற்பேன்.

போன வாரம் அப்படி நடந்துகொண்டிருந்தபோது ஒரு கார் பக்கத்தில் வந்து மெதுவானது. கண்ணாடி இறங்கியது. அண்ணன். தொப்பி இல்லாமல் தலை வழுக்கையாக, வயசானவனாகத் தெரிந்தான்.

"ஏறிக்கோங்க. வீட்டுல விட்டுடறேன்" என்றான். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துச் சொன்னான்.

"நடக்கறோம்" என்றேன்.

கொஞ்ச தூரம் எங்கள் வேகத்துக்கே காரை உருட்டிக்கொண்டு வந்தான். பின்னால் ஒரு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். வேறு வழியில்லாமல் வேகமெடுத்துப் போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் அந்தக் கார் தெருமுனையில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே, ஒரு சொல் வந்தது.

"பாவம்" என்றார்.

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. அவர் கையைக் கொஞ்சம் அழுத்தியே பிடித்துக்கொண்டு நடந்தேன்.